பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஷேர் செய்த வீடியோ

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியும் கையுமாக ஃபேஸ்புக்கைத் திறந்தால், 2012-இல் நான் போட்ட பதிவு ஒன்றை மெமரீஸ் என்று எடுத்து நீட்டியது. கோனி 2012 வீடியோ. மேலே நான் எழுதிய மூன்று வரி: "அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். இந்த ஆளை உலகத்துக்கே அடையாளம் காட்டுவோம். மறக்காமல் ஷேர் செய்யவும்." நாற்பத்தொரு லைக். கீழே ஆபீஸ் நண்பன் ஒருத்தன், "கோனியா கோணியா மச்சி, அரிசி மூட்டை மாதிரி இருக்கே" என்று கமெண்ட் போட்டிருக்கிறான், அதற்கு நான் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கே கொஞ்சம் கூசியது.

மகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். யாருப்பா இது என்றாள். உகாண்டாக்காரன், குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போய்த் துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டை போட வைத்தவன் என்றேன்.

"பிடிச்சாச்சா?"

"இல்ல."

"அப்ப நீ ஷேர் பண்ணி என்ன ஆச்சு?"

அவளுக்குப் பதினாலு வயசு, கேள்வியை வீசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போகிற வயசு. நான்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து விட்டுவிட்டுப் படித்துக்கொண்டே இருந்தேன். செப்டம்பரில் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் கோனி இல்லாமலேயே, அவன் மீதான 39 குற்றச்சாட்டுகளை உறுதிசெய்வதற்கான விசாரணை நடந்தது, அந்த நீதிமன்றத்தில் அப்படி நடப்பது அதுவே முதல் முறை. அந்தச் செய்தியைப் படித்தபோது, இந்தப் பதிவை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1986 ஜனவரியில் முசெவேனி உகாண்டாவில் ஆட்சியைப் பிடித்ததும் வடக்கே அச்சோலி மக்கள் வாழும் பகுதியில் கலகங்கள் கிளம்பின. அதில் ஒன்றிலிருந்து முளைத்தவன் ஜோசஃப் கோனி, குலு பக்கம் ஓடெக் என்கிற ஊர்க்காரன். படைக்கு வைத்த பெயர் லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி, சுருக்கமாக எல்.ஆர்.ஏ., இறைவனின் எதிர்ப்புப் படை. ஊர்மக்கள் கொஞ்ச நாளிலேயே அவனை விட்டு விலகிவிட்டார்கள். பெரியவர்கள் வரவில்லை என்றானதும் பிள்ளைகளைத் தூக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில், வயக்காட்டில், ராத்திரி குடிசையில். பிள்ளையைத் தூக்கிப் போனதும் அவர்கள் செய்யும் முதல் வேலை, சொந்த ஊர்க்காரன் ஒருவனையோ கூடப் பிடிபட்ட இன்னொரு பிள்ளையையோ அந்தப் பிள்ளையின் கையாலேயே கொல்ல வைப்பது. அது நடந்துவிட்டால் போதும், கயிறு போட்டுக் கட்ட வேண்டியதில்லை. இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று பிள்ளையே நினைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் சட்டம் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

கடத்தப்பட்ட பிள்ளைகள் 25,000-க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2000-களின் நடுவில் 16 லட்சம் பேருக்கும் மேல் முகாம்களில் இருந்தார்கள். சாயங்காலமானால் கிராமத்துப் பிள்ளைகள் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு குலு, கிட்கும் டவுனுக்குள் நடந்து வந்து, கடை வாசலிலும் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் தூங்கிவிட்டு விடிந்ததும் திரும்ப நடந்துபோவார்கள். உச்சத்தில் இருந்தபோது ஒரு ராத்திரிக்கு 40,000 பேர் வரைக்கும். 2003-இல் குலுவின் கத்தோலிக்கப் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமாவும் மற்ற மதத் தலைவர்களும் நான்கு ராத்திரி அந்தப் பிள்ளைகளோடு பஸ் நிலையத்திலேயே படுத்துக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் ஐ.நா.வின் யான் எகலான், உலகமே மறந்துவிட்ட மிகப் பெரிய நெருக்கடி இது என்று சொன்னார். அதற்குள் பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஷேர் பண்ணி என்ன ஆச்சு? நேர்மையாகச் சொன்னால், வீடியோவுக்கு முன்னாலேயே ஆக வேண்டியது ஆகிவிட்டது. நமக்கெல்லாம் வீடியோதான் ஞாபகம் இருக்கிறது, ஆறே நாளில் பத்துக் கோடிப் பார்வை. ஆனால் அந்த வீடியோவை எடுத்த அதே ஆட்கள் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு சட்டத்துக்காகத் தெருவில் படுத்துக் கிடந்தார்கள் என்பது 2025-இல்தான் எனக்குத் தெரிந்தது.

2009 மே மாதம் அமெரிக்க செனட்டில் ரஸ் ஃபைங்கோல்டும் சாம் பிரவுன்பேக்கும் ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, ஒருவர் குடியரசுக் கட்சி. எல்.ஆர்.ஏ.வை நிராயுதபாணியாக்க அமெரிக்க அரசு ஒரு திட்டம் போட்டுக் காங்கிரஸிடம் கொடுக்க வேண்டும், வடக்கு உகாண்டாவை மீட்டெடுக்க உதவ வேண்டும், இவ்வளவுதான் சாரம். அடுத்த மாதமே ஆயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் காலேஜ், ஸ்கூல் பிள்ளைகள், வாஷிங்டனுக்குப் போய் அவரவர் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் நேரம் வாங்கி உட்கார்ந்து பேசினார்கள். ஊர் திரும்பியும் விடவில்லை, போன், கடிதம், மறுபடி போன். மசோதாவுக்கு ஆதரவுக் கையெழுத்து போட்ட இரு அவை உறுப்பினர்கள் 260-ஐத் தாண்டினார்கள்.

அப்படியும் நின்றது. செனட்டில் ஒரு வழக்கம் உண்டு. சர்ச்சையில்லாத மசோதாவை யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று சொல்லி ஓட்டெடுப்பு இல்லாமலே நிறைவேற்றிவிடலாம், ஆனால் ஒரே ஒரு உறுப்பினர் கையைத் தூக்கினால் அங்கேயே நிற்கும். ஓக்லஹோமாவின் டாம் கோபர்ன் கையைத் தூக்கினார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. அவரைக் கெட்டவராகச் சித்தரிக்க ஆசைதான், ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர் கோனிக்கு ஆதரவாளர் ஒன்றும் இல்லை. நாலு கோடி டாலர் செலவு என்கிறீர்களே, எந்தச் செலவைக் குறைத்து இதற்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பது அவர் கேள்வி. எந்த மசோதா வந்தாலும் இதைக் கேட்கிற ஆள், டாக்டர் நோ என்றே பட்டப்பெயர்.

2010 பிப்ரவரி கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் அவர் அலுவலகத்துக்கு வெளியே இளைஞர்கள் வந்து படுத்துவிட்டார்கள். பதினோரு நாள். பிப்ரவரி ஓக்லஹோமா என்றால் நம் மார்கழிக் குளிர் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், போர்வைக்குள்ளேயே விறைத்துப் போகிற குளிர். கோஷம் போட்டுக் கண்ணாடி உடைக்கவில்லை, உள்ளே போய் மறிக்கவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். பதினோராம் நாள் நிதி விஷயத்தில் ஒரு சமரச வாசகம் பேசி முடித்து, மார்ச் 10-ஆம் தேதி செனட்டில் நிறைவேறியது. மே 24-இல் ஒபாமா கையெழுத்து போட்டார். கோஷத்தை விட, விலகாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஒரு அரசியல்வாதியை அதிகம் தொந்தரவு செய்யும் போலிருக்கிறது.

இதைப் படித்தபோது என் சொந்த அனுபவம் ஒன்று ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன். 2015-இல் சிறார் நீதிச் சட்ட மசோதா மாநிலங்களவைக்கு வந்த நேரம். நாங்கள் நாலு பேர், குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் ஆர்வமுள்ளவர்கள், ஒரு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு ஒரு மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம். வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். உதவியாளர் தலை நிமிராமலே, "ஸ்கூல் அட்மிஷனா, டிரான்ஸ்ஃபரா?" என்றார். இல்லை சார், ஒரு மசோதா பற்றி என்றோம். நிமிர்ந்தார். "மசோதாவா? அது டெல்லியிலதான?" என்று கேட்டுவிட்டு, எங்கள் மனுவை வாங்கி, அட்மிஷன் ஃபைலிலேயே செருகினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த பெஞ்சில் அத்தனை வருஷத்தில் யாரும் மசோதாவுக்காக வந்து உட்கார்ந்ததில்லை என்றால், தனியாக ஃபைல் எதற்கு?

அந்தச் சட்டத்தைப் பற்றி அன்று டிவியில் நடந்த சண்டை முழுக்க, பதினாறு வயசுக்காரனைப் பெரியவனாக நினைத்துத் தண்டிக்கலாமா என்பது பற்றித்தான். அதே சட்டத்தில் 83-வது பிரிவு ஒன்று இருக்கிறது. ஆயுதக் குழு எதுவும் குழந்தையைச் சேர்த்தாலோ எந்த வேலைக்குப் பயன்படுத்தினாலோ ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். அதைப் பற்றி ஒருத்தர் பேசிக் கேட்டதில்லை. எங்கள் மனுவிலும் அது இல்லை, நாங்களும் டிவி பார்த்துத்தான் எழுதியிருந்தோம்.

ஓக்லஹோமா கதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. அமெரிக்கப் பிள்ளைகள் கேட்டது என்ன? கோனியைப் பிடியுங்கள். சரியான கோரிக்கைதான். ஆனால் யாருடைய பிள்ளைகள் காணாமல் போனார்களோ அவர்கள் கேட்டது என்ன? அதைத் தேடிப் போனால் 1996-க்குப் போக வேண்டியிருக்கிறது.

அபோகே என்று ஒரு ஊர், லிரா டவுனிலிருந்து தூரமில்லை. அங்கே கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி, செயின்ட் மேரீஸ். அக்டோபர் 9 உகாண்டாவின் சுதந்திர தினம். அன்று ராத்திரி, விடிந்தால் பத்தாம் தேதி, எல்.ஆர்.ஏ. உள்ளே புகுந்து விடுதியிலிருந்து 139 பெண்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. துணைத் தலைமையாசிரியை சிஸ்டர் ரக்கேலே ஃபசேரா, இத்தாலிக்காரர். விடிந்ததும் ஒரு ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் நடக்க ஆரம்பித்தார். ராணுவம் இல்லை, போலீஸ் இல்லை, இரண்டே பேர். வழியைக் காட்டியது என்ன தெரியுமா, போகிற வழியெல்லாம் கிடந்த மிட்டாய்க் காகிதமும் குளிர்பான பாட்டிலும்.

அந்தக் கூட்டத்தை எட்டிப் பிடித்துவிட்டார்கள். கூட்டத்தின் தளபதியிடம் சிஸ்டர் கெஞ்சினார், பிள்ளைகளைக் கொடு என்று. நாள் முழுக்க அவர்களோடு நடந்தார், நடுவில் ராணுவ ஹெலிகாப்டர் வந்து சுட்டபோது புதருக்கடியில் பதுங்கினார். கடைசியில் அந்தத் தளபதி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்கு எழுதினான். 139. உனக்கு 109. எனக்கு 30.

முப்பது பேரைத் தனியாக உட்கார வைத்தார்கள். என்னை எடுத்துக்கொள், இவர்களை விட்டுவிடு என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. 109 பேரைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்பி நடந்தார். பெரிய சாகசம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சாகசம்தான், ஆனால் எனக்கு அந்தத் திரும்பி நடந்த நேரத்தைத்தான் நினைக்க முடியவில்லை.

அந்த முப்பதில் ஒருத்தியின் அம்மா அஞ்சலினா அத்யாம். லிராவில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். மகளுக்கு அப்போது 14 வயசு. மற்ற பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு வாராவாரம் கூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஜெபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல, என்கிற வரி வந்ததும் எல்லோருக்கும் தொண்டை அடைத்து நின்றுவிட்டது. தினம் வாய் சொல்லிப் பழகிய வரி. அதற்கு மேல் சொல்ல முடியாமல் கலைந்து போனார்கள். அஞ்சலினாவே பிறகு பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த வரியைத் தாண்ட முடிந்த பிறகுதான் அவர்களுடைய சங்கம் உண்மையில் தொடங்கியது என்று சொல்லலாம். கன்சர்ன்ட் பேரன்ட்ஸ் அசோசியேஷன் என்று பெயர். முப்பது பெண்களின் பெற்றோர் ஆரம்பித்ததுதான், ஆனால் கொஞ்ச நாளில் பள்ளிக்கே போகாத பிள்ளைகளின் அம்மாக்களும், பேப்பரில் பெயர் வராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் குடும்பங்களும் அதில் வந்து சேர்ந்தார்கள். அஞ்சலினா நாடு நாடாகப் போய்ப் பேசினார். 1998-இல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ராணுவத்தை அனுப்பு, குண்டு போடு என்று இந்தக் குடும்பங்கள் கேட்கவில்லை. ஏனென்றால் குண்டு யார் மேல் விழும்? காட்டில் துப்பாக்கியோடு நிற்பது அவர்கள் பெற்ற பிள்ளை. அரசு அறிக்கையில் இத்தனை கலகக்காரர்கள் கொல்லப்பட்டார்கள் என்று வருகிற ஒவ்வொரு எண்ணிக்கையையும் இங்கே அம்மாக்கள் வேறு மாதிரிப் படித்தார்கள்.

அவர்களும் அச்சோலி மதத் தலைவர்களும், இதில் கத்தோலிக்கர், ஆங்கிலிகன், முஸ்லிம் எல்லோரும் சேர்த்தி, ஊர்ப் பெரியவர்களும் வருஷக்கணக்கில் வற்புறுத்தி வாங்கியதுதான் 2000-த்தின் பொதுமன்னிப்புச் சட்டம். முசெவேனிக்கு இதில் பெரிய விருப்பமில்லை. மன்னிப்பு கொடுத்தால் பலவீனம் என்று ஆகிவிடும், முக்கியமான ஆட்களையாவது விலக்கி வைக்கலாம் என்று அரசுத் தரப்பில் யோசனை இருந்தது. வடக்கிலோ, ஒருத்தரையும் விலக்காதீர்கள், ஒருவனை விலக்கினாலும் அவன் மற்ற பிள்ளைகளை விடமாட்டான் என்றார்கள். நிறைவேறியது அப்படித்தான். 1986 ஜனவரி 26-க்குப் பிறகு அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்த உகாண்டாக்காரர் யாராக இருந்தாலும், வந்து ஒப்படைத்தால் வழக்கில்லை.

இது எப்படி வேலை செய்தது என்பதில்தான் எனக்கு ஆச்சரியம். காட்டிலிருந்து தப்பி வருபவன் ஒரு சான்றிதழ் வாங்குகிறான். கூடவே 2,63,000 உகாண்டா ஷில்லிங் பணம், மெத்தை, போர்வை, மண்வெட்டி, விதை. ஏதோ நம்மூர் வெள்ள நிவாரணப் பை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. ராணுவச் சோதனைச் சாவடியில் நீட்ட அது வேண்டும். சட்டம் அதோடு நின்றது, மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. திரும்பி வந்த பிள்ளை வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு பச்சை முட்டையை வைப்பார்கள். மிதித்து உடைத்துவிட்டு, ஓபோபோ மரக் கிளையையும் களஞ்சியத்தைத் திறக்கப் பயன்படுத்துகிற கோலையும் தாண்டி உள்ளே வர வேண்டும். முட்டை களங்கமில்லாதது, கிளை கழுவிச் சுத்தம் செய்வது, களஞ்சியக் கோல், உனக்கும் இந்த வீட்டில் சோறு உண்டு என்று சொல்வது. ஆலத்தி எடுத்து வீட்டுக்குள் கூப்பிடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வந்துவிட்டது, காட்டில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? வந்தால் சுட்டுவிடுவார்கள் என்றுதான் தளபதிகள் சொல்லிவைத்திருந்தார்கள். குலுவில் மெகா எஃப்.எம். என்கிற ரேடியோவில் ட்வோக் பாச்சோ என்று ஒரு நிகழ்ச்சி வந்தது, வீட்டுக்கு வா என்று அர்த்தம். திரும்பி வந்தவர்களை மைக் முன்னால் உட்கார வைத்து, காட்டிலிருக்கும் கூட்டாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். நான் வந்துட்டேன், சாகல, சாப்பிடுறேன், நீயும் வா. ரேடியோவில் கேட்ட குரல் தெரிந்த குரலாக இருந்ததுதான் விஷயம். எல்.ஆர்.ஏ.வில் இருந்து மட்டும் ஏறக்குறைய 13,000 பேர் இந்தச் சட்டத்தின் கீழ் மன்னிப்பு பெற்றார்கள். எந்தப் படையெடுப்பும் அத்தனை பேரை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. 2008 டிசம்பரில் காங்கோவில் கோனியின் முகாம்மேல் உகாண்டா தலைமையில் நடந்த ராணுவத் தாக்குதல் அவனைத் தவறவிட்டது, பதிலுக்கு அவன் ஆட்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் காங்கோ கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள்.

அப்புறம் வந்த அமெரிக்கச் சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதை ஒட்டித்தான் 2011 அக்டோபரில் ஒபாமா நூறு ராணுவ ஆலோசகர்களை அனுப்பினார். அவர்கள் செய்த வேலைகளில் உருப்படியானது எது என்று பார்த்தால், விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டதும், ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி அம்மா குரலையும் திரும்பி வந்த நண்பன் குரலையும் காட்டுக்கு மேல் ஒலிபரப்பியதும்தான். குலுவின் எஃப்.எம். ஸ்டேஷன் ஏற்கெனவே செய்த அதே வேலை. 2017-இல் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், கோனி அகப்படவில்லை, ஆனால் படை என்று சொல்ல அவனிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது நான் ஷேர் செய்த அந்த 2012-க்கு வருகிறேன். மார்ச் மாதம் நாம் எல்லோரும் கோனி போஸ்டரை ஊரெல்லாம் ஒட்டுவோம் என்று குதித்துக்கொண்டிருந்தோம் இல்லையா. அந்த மாதத்திலேயே லிராவில், அஞ்சலினாவின் ஊரில், திடலில் திரை கட்டி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது, கோனியால் கை கால் இழந்தவர்களும் வந்தார்கள். பாதிக்கு மேல் சத்தம், கூச்சல், கடைசியில் கல்லே பறந்தது. எங்கள் கதையைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு வெள்ளைக்காரரையும் அவர் மகனையும் காட்டுகிறீர்கள், எங்களை வெட்டியவன் பேரை டி-ஷர்ட்டில் போட்டு விற்கிறீர்கள் என்று கோபம். கோனி உகாண்டாவை விட்டுப் போய் அப்போதே ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அதே 2012 மே மாதம், வீடியோவுக்கு இரண்டே மாதம் கழித்து, உகாண்டா அரசு பொதுமன்னிப்புச் சட்டத்தின் முக்கியமான பகுதியைக் காலாவதியாக விட்டுவிட்டது. அதாவது அன்றைய தேதிக்குப் பிறகு காட்டிலிருந்து தப்பி வரும் பதினைந்து வயசுப் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது. பத்துக் கோடிப் பேர் பார்த்த வீடியோ, ஆனால் இதை யாரும் ஷேர் செய்யவில்லை, நானும்தான். வடக்கிலிருந்த மதத் தலைவர்களும் திரும்பி வந்தவர்களும் பெற்றோரும் மறுபடி மனு எழுதி, நாடாளுமன்றத்துக்கு நடந்து, ஒரு வருஷம் கழித்து 2013-இல் அதைத் திரும்ப வாங்கினார்கள். ஆயுதக் குழுக்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டத்துக்கான மக்கள் இயக்கம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். இதற்கு வீடியோ இல்லை.

தமிழில் எழுதிக்கொண்டு உகாண்டாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துபோவது சௌகரியமான வேலை. குழந்தைகளும் ஆயுத மோதலும் என்பதற்கென்றே ஐ.நா. நியமித்த முதல் சிறப்புப் பிரதிநிதி ஓலாரா ஒட்டுன்னு, அவரே வடக்கு உகாண்டாவின் அச்சோலிக்காரர்தான். 1998 மே மாதம் அவர் வன்னிக்குப் போய் விடுதலைப் புலிகளைச் சந்தித்தார். பதினேழு வயசுக்குக் கீழே சேர்ப்பதில்லை, பதினெட்டுக்குக் கீழே சண்டைக்கு அனுப்புவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். காப்பாற்றப்படவில்லை. 2004-இல் கிழக்கில் கருணா பிரிந்து, வீடு திரும்பிய பிள்ளைகளை மறுபடி கேட்டு ஆட்கள் வந்தபோது மட்டக்களப்பு அம்மாக்கள் எதிர்த்து நின்றார்கள், முகாம் வாசலுக்கே போனார்கள். ஒட்டுன்னுவுக்குப் பிறகு 2006-இலிருந்து 2012 வரை அந்தப் பதவியில் இருந்தவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. இலங்கையும் 2006-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, ஆயுத மோதலுக்குக் குழந்தையைச் சேர்ப்பதற்கு முப்பது வருஷம் வரை சிறை என்று வைத்தது. எத்தனை பேர் அதில் உள்ளே போனார்கள் என்று கேட்காதீர்கள். இதைப் பற்றி எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்தாவது திட்டு வரும் என்று எனக்குத் தெரியும், வரட்டும்.

மன்னிப்பே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டொமினிக் ஓங்வென் கதை அந்த நினைப்பைக் கலைத்துவிடுகிறது. ஒன்பது வயசு வாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தூக்கப்பட்டவன். வளர்ந்து தளபதியானான், முகாம்களைத் தாக்கினான், பெண்களை மனைவி என்று பேர் வைத்து அடைத்து வைத்தான். 2015 ஜனவரியில் சரணடைந்தபோது அவனுக்குச் சான்றிதழும் மெத்தையும் இல்லை, ஹேக். 2021-இல் 61 குற்றங்கள் நிரூபணமாகி 25 வருஷம். ஆயுள் தண்டனை கொடுக்காததற்கு, சிறு வயசில் கடத்தப்பட்டவன் என்பதையும் நீதிபதிகள் காரணமாகச் சொன்னார்கள். அவனிடம் சிக்கியிருந்த பெண் ஒருத்தி என்ன சட்டம் கேட்பாள்? அம்மாக்கள் கேட்ட அதே சட்டத்தையா? 2024-இல் அந்த நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 750 யூரோ அடையாளத் தொகை என்று உத்தரவிட்டது, அன்றைய மதிப்பில் நம் காசுக்கு அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். கொடுக்க ஓங்வெனிடம் பணமில்லை, அறக்கட்டளை நிதியில் திரட்டித்தான் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் சொன்னேன், அவள் கேட்ட கேள்விக்கு ஏழு மாசம் கழித்துப் பதில். தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். அஞ்சலினா பற்றி ஒரு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர் ஊர் ஊராகப் பேசியது கோனியின் காதுக்கு எட்டி, எரிச்சலாகி, ஆள் விட்டு அனுப்பினார்கள். வாயை மூடிக்கொள், பேட்டி, பிரசாரம் எல்லாவற்றையும் நிறுத்து, உன் மகளை விட்டுவிடுகிறோம். அஞ்சலினா, மற்ற பெண்கள்? என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, உன் மகள் மட்டும். முடியாது, விட்டால் எல்லோரையும் விடு என்று திருப்பி அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்களே அவரைத் திட்டினார்கள். அஞ்சலினாவின் மகள் 2004-இல்தான் தப்பி வந்தாள், ஏழு வருஷத்துக்கும் மேலே, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக.

என் மகள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "நீயா இருந்தா என்னப்பா பண்ணிருப்ப?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து, ஒரு பதிலையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"திரும்பி வந்தப்புறம் இது அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? அவங்கம்மா மேல கோவப்பட்டாளா?"

தெரியல என்றேன். சட்னி வேணுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனேன்.